நீக்கிப் படிக்கவும்

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் துணைவேந்தர் வரவில்லை. அலுவலகத்துக்கு அல்ல, பதவிக்கே. பழையவர் போய் ஒன்றரை வருடம் ஆகப்போகிறது. புதியவரை யார் போடுவது என்று மேலே இழுபறி. இங்கே ஒரு குழு உட்கார்ந்துகொண்டு சம்பளக் கோப்பில் மட்டும் கையெழுத்துப் போடுகிறது.

எங்கள் பதிப்புத்துறையில் துணைவேந்தரின் அணிந்துரை இல்லாமல் எந்தப் புத்தகமும் அச்சுக்குப் போகக் கூடாது. விதி அப்படி. அந்த அணிந்துரையை எழுதுவது என்னவோ நான்தான். எத்தனையோ பேருக்காக 'இந்நூல் ஆய்வுலகிற்குக் கிடைத்த அரிய வரவு' என்று எழுதி நீட்டியிருக்கிறேன். அவர்கள் வாசிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள். இப்போது எழுத ஆள் இருக்கிறது, கையெழுத்துப் போட ஆள் இல்லை. முடித்த புத்தகங்கள் ஒரு அலமாரி நிறையக் கிடக்கின்றன.

அமலியின் 'மன்னார் கரை மீன்பெயர்கள்' அதில் ஒன்று. போன வருடமே பக்கம் அமைத்து, மெய்ப்புத் திருத்தி, அட்டைவரை முடித்தாயிற்று. அமலி என்றால் அமலோற்பவம். தூத்துக்குடியில் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். நான் எம்.ஏ. படித்தபோது விடுதியில் எனக்கு அறைத்தோழி. கடற்கரை ஊர் ஊராகப் போய், வலை இழுக்கிறவர்களிடமும் மீன் விற்கிற பெண்களிடமும் கேட்டுக் கேட்டு எழுதின புத்தகம் அது.

அவளுக்குக் கல்லீரலில் கட்டி. மார்ச்சில் தெரிந்தது. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

கேஸ் தீர்ந்துவிட்டது. பதிவு செய்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

அமலி போன் செய்தாள்.

"ஏட்டி ஆவுடை, என் மீனெல்லாம் இன்னும் ஐஸ்லதான் கிடக்கா?"

"ஐஸ்லதான் கிடக்கு."

"ரொம்ப நாள் கிடந்தா நாறிரும், பாத்துக்கோ."

சிரித்தாள். பிறகு மூச்சு வாங்கினாள். சிகிச்சை எப்படி என்று கேட்டேன்.

"நான் போறதுக்குள்ள அதைக் கையில வாங்கிப் பாத்துரணும்ட்டி. வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு."

"சும்மா கிட" என்றேன். வேறு என்ன சொல்வது.

"எப்ப வார?"

"ஞாயித்துக்கிழமை வாரேன்."

ஜூன் 15, ஞாயிறு

தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வந்துவிட்டான். எத்தனை நாளாகச் சொல்லி வைத்தது, வந்தவனைத் திருப்பி அனுப்ப முடியுமா? தூத்துக்குடி போகவில்லை.

மத்தியானம் பின் அறையைக் கூட்டினேன். அமலி ஓய்வு பெற்றதும் இங்கே வந்துவிடுவதாகத்தான் பேச்சு. கட்டில் வாங்கிப் போட்டேன், ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தேன். உடம்புக்கு வந்ததும் தம்பி கஸ்பார் வீட்டுக்குப் போய்விட்டாள். மருத்துவமனை அங்கிருந்து பக்கம். சரிதான். கட்டிலில் பழைய துணி கிடக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

தலைவலி. போகவில்லை.

ஜூலை 4, வெள்ளி

காலையில் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது கஸ்பார் போனில் கூப்பிட்டான். இனி ஊசி வேண்டாம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "அக்காட்ட சொல்லல. அவளுக்கே தெரியுது" என்றான். சரி என்றேன். பஸ் வந்தது, ஏறினேன். சில்லறை கேட்டான் கண்டக்டர், கொடுத்தேன்.

பதினோரு மணிக்குத் துறைக் கூட்டம். எங்கள் பொறுப்பு இயக்குநர் லிங்கம் சார் வணிகவியல் பேராசிரியர். பதிப்புத்துறையைக் கூடுதலாகத் தலையில் கட்டிவிட்டார்கள். நல்ல மனிதர், பயந்தாங்கொள்ளி. தேங்கிக் கிடக்கும் புத்தகங்களை வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவர் மீன்பெயர்களில் நின்றார்.

"இந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு சொன்னீங்களே மேடம், இப்ப எப்படி இருக்காங்க?"

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. மேசையில் பிஸ்கட் தட்டு இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"அடடா" என்றார் லிங்கம் சார். "அடடா." எழுந்து நின்றார். இங்கே யார் இறந்தாலும் அவ்விடத்திலேயே ஒரு நிமிடம் எழுந்து நிற்பது வழக்கம். எல்லோரும் எழுந்தார்கள். பக்கம் அமைக்கிற பாத்திமுத்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாய்க்குள் என்னவோ ஓதினாள். நானும் எழுந்து நின்றேன்.

சொல்லியிருக்கலாம். 'சார், அப்படியில்லை' என்று இரண்டு வார்த்தை. அவர்கள் உட்கார்ந்து, காப்பி வந்து, அடுத்த கோப்புக்குப் போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை சொல்லிவிட வேண்டும்.

ஜூலை 7, திங்கள்

சொல்வதற்காகத்தான் லிங்கம் சார் அறைக்குப் போனேன். அவர் முந்திக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"மேடம், உக்காருங்க. அந்த அம்மா புத்தகத்துக்கு வழி பிறந்துட்டு. மறைந்த அறிஞர் நூல் வரிசையில போட்டுரலாம்."

அது ஒரு மில் முதலாளி தன் தகப்பனார் பேரில் வைத்த அறக்கட்டளை. இறந்துபோன அறிஞரின் அச்சேறாத நூல் ஒன்றை ஒவ்வொரு வருடமும் அந்தத் தகப்பனாரின் நினைவு நாளில், ஆகஸ்ட் பதினாலில், வெளியிட வேண்டும். அறக்கட்டளைப் பத்திரப்படி இந்த வரிசைக்குத் துணைவேந்தர் அணிந்துரை தேவையில்லை. இந்த வருடத்துக்கு நூல் கிடைக்காமல் லிங்கம் சார் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"அவங்க ஆத்மாதான் வழி காட்டியிருக்கு" என்றார்.

நான் தலையாட்டினேன். ஆகஸ்ட் பதினாலு. அதற்குள் வந்துவிடும். அவள் அதுவரை இருப்பாள் என்று கஸ்பாருக்கு டாக்டர் சொல்லியிருக்கிறார். எனக்கு அதுதான் கணக்கு. மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். உப்புப் போட மறந்து, அப்படியே சாப்பிட்டேன்.

ஜூலை 9, புதன்

இந்த வரிசையில் எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே அமைப்பு. அட்டையிலும் முகப்புப் பக்கத்திலும் ஆசிரியர் பெயருக்கு முன்னால் 'மறைந்த' என்று வரும். கீழே பிறந்த வருடம், ஒரு கோடு, இறந்த வருடம்.

பாத்திமுத்து கணினி முன்னால் இருந்துகொண்டு திரும்பினாள். "அக்கா, வபாத்தான தேதி சரியாத் தெரியுமா? வருசம் மட்டும் போட்டாப் போதும்."

"போட வேண்டாம். பிறந்த வருசத்தையும் எடுத்துரு."

"எல்லாத்துலயும் இருக்கேக்கா."

"இதுல வேண்டாம்னு சொல்லுதேன்லா."

கத்திவிட்டேன் போலிருக்கிறது. அவள் எடுத்துவிட்டாள். பிறகு டீ வாங்கிவந்து என் பக்கத்தில் வைத்தாள். அமலியிடம் போனில் மெய்ப்புச் சந்தேகம் கேட்டுப் பேசியவள் அவள். "நல்லா சிரிப்பாங்கல்லா அக்கா அவங்க" என்றாள். ஆமாம் என்றேன்.

ஜூலை 18, வெள்ளி

அமலிக்குப் போன் செய்து புத்தகம் அச்சில் இருக்கிறது என்று சொன்னேன்.

"மெய்யாவா? எந்தத் துணைவேந்தன்ட்டி கையெழுத்துப் போட்டான்?"

"ஒரு வழி கிடைச்சுது."

"என்ன வழி?"

"வந்து சொல்லுதேன்."

போனில் சத்தமே இல்லை. அழுகிறாள் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. எனக்கு அழுகை வரவில்லை. மார்ச்சிலிருந்தே வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருக்குமே, அப்படி இருக்கிறது எல்லாம். 'பின்ன பேசுதேன்' என்று வைத்துவிட்டாள்.

ஜூலை 27, ஞாயிறு

மாதா கோவிலில் நேற்றுக் கொடியேற்றம். தூத்துக்குடி பஸ் எல்லாம் பிதுங்கிக்கொண்டு போகிறது. இதில் எங்கே ஏறுவது. போகவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

புத்தகம் வந்துவிட்டது. நன்றாகவே வந்திருக்கிறது. அட்டையில் நீலத் தண்ணீருக்கு மேல் சீலா மீன் ஒன்று. 'மறைந்த முனைவர் சூ. அமலோற்பவம்' என்று வெள்ளை எழுத்தில். எதிர்பார்த்ததைவிடப் பெரிய எழுத்து.

ஒரு பிரதியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

போனேன்.

கொடுப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டே போனேன். கஸ்பார் கதவைத் திறந்து உள்ளே கூட்டிப்போனான். கட்டிலில் சாய்ந்திருந்தாள். கண் மஞ்சள். கை மெலிந்து வளையல் முழங்கைக்குப் போயிருந்தது. "வாட்டி மகாராணி" என்றாள். பையைத் திறந்து புத்தகத்தை எடுத்து நீட்டிவிட்டேன்.

இரண்டு கையாலும் வாங்கினாள். மோந்து பார்த்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையைச் சத்தமாக வாசித்தாள்.

"மறைந்த முனைவர் சூ. அமலோற்பவம்."

நான் சுவரில் இருந்த திருஇருதயப் படத்தைப் பார்த்தேன்.

"எப்பட்டி செத்தேன்?"

"ஜூலை நாலு."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே."

சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கஸ்பார் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தான். "ஒண்ணுமில்லடா, நீ போ" என்று அனுப்பிவிட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டம், பிஸ்கட் தட்டு, எழுந்து நின்றது, அறக்கட்டளை. சொல்லி முடித்தபோது அவள் சிரிப்பு போயிருந்தது.

"கஸ்பார் பெட்டி செய்யுத கடையில விசாரிச்சு வச்சிருக்கான். எனக்குத் தெரியும். டாக்டர் என் மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டான். அவங்களை நான் ஒண்ணும் சொல்லல. நீயுமாட்டி?"

"புத்தகம் வரணும்னுதான்..."

"புத்தகத்த விடு. இத்தனை மாசமா நீ ஏன் இந்த வாசப்படி மிதிக்கலன்னு இப்பம்லா தெரியுது. என்னை அடக்கம் பண்ணிட்டு வந்துல்லா உக்காந்திருக்க."

அது உண்மை. வெட்கமாக இருந்தது. அவள் பக்கங்களைப் புரட்டினாள். களவா, ஊளி, விளமீன் என்று படங்களைத் தடவிப் பார்த்தாள். படம் நன்றாக விழுந்திருக்கிறது என்றாள். அப்புறம் நிமிர்ந்தாள்.

"விழா என்னைக்கு?"

"பதினாலு, வியாழக்கிழமை."

"நான் வாரேன்."

"உனக்கென்ன பைத்தியமா? தெரிஞ்சா புத்தகத்தையே நிறுத்திருவாங்க."

"பின்வரிசையில உக்காந்துக்கிடுதேன். என்னை அங்க யாருக்குத் தெரியும்? செத்தவளை எவன்ட்டி தடுப்பான்?"

ஆகஸ்ட் 14, வியாழன்

கஸ்பார் கார் பிடித்துக் கூட்டிவந்திருந்தான். தலையில் சேலை முந்தானையைப் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் கதவோரமாக உட்கார்ந்திருந்தாள். நான் மேடையில் ஓரமாக, வரவேற்புரை சொல்ல. மின்விசிறி எல்லாம் சுற்றியும் வேர்த்தது. மாணவர்களைக் கூப்பிட்டு நாற்காலியை நிரப்பியிருந்தார்கள்.

மில் முதலாளியின் பேரன் புத்தகத்தை வெளியிட்டார். லிங்கம் சார் ஒலிவாங்கியைப் பிடித்து, "அம்மையாரின் ஆன்மா அமைதியடைய ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துவோம்" என்றார். மொத்த அரங்கமும் எழுந்தது. அமலியும் முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எனக்குத் தெரிந்தது. அவள் நின்றாள். கொஞ்ச நேரத்தில் முழங்கால் மடிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்தில் நின்ற பேராசிரியர் ஒருவர் குனிந்தார். அரங்கம் நிசப்தமாக இருந்ததால் அவர் அடிக்குரலில் சொன்னது மேடைவரை கேட்டது.

"எந்திரிங்கம்மா. இறந்தவங்களுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

அமலி நாற்காலியின் கையைப் பிடித்து மறுபடி எழுந்திருக்கப் பார்த்தாள்.

அப்போது எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. நான் லிங்கம் சார் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கினேன். பிடுங்கினேன் என்றுதான் பாத்திமுத்து சொல்கிறாள்.

"அவங்களை விடுங்க சார். அவங்களால நிக்க முடியாது. இந்தப் புத்தகத்தை எழுதினதே அவங்கதான்."

யாரும் உட்காரவில்லை. உட்காருவதா நிற்பதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தலைகள் எல்லாம் பின்னால் திரும்பின. பேரன் கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். லிங்கம் சாருக்கு வாய் கோணிவிட்டது. பின்னாலிருந்து அமலியின் குரல் வந்தது. மெலிந்த குரல்தான், ஆனாலும் வகுப்பெடுத்த குரல்.

"எல்லாரும் உக்காருங்க. எனக்காக நிக்காதிங்க."

ஒரு மாணவி கை தட்டினாள். பிறகு நிறையப் பேர் தட்டினார்கள். பாத்திமுத்து "அல்லாவே" என்று பின்வரிசைக்கு ஓடினாள். நான் மேடையிலிருந்து இறங்கிப் போய் அமலி பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கை ஜில்லென்று இருந்தது. "வேலை போயிருமாட்டி?" என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். கொடுக்கட்டும். நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். லிங்கம் சார் என்னோடு பேசவில்லை. அவருக்கும் கடிதம் வந்திருக்கிறது, பாவம்.

புத்தகத்தைக் கிட்டங்கியில் வைத்துப் பூட்டியாயிற்று. மறுபடி அச்சடிக்க முடியாது, அழிக்கவும் முடியாது. குழு கூடி ஒரு முடிவுக்கு வந்தது. பிழைத்திருத்தத் துண்டு ஒன்று அச்சடித்து ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டின பிறகுதான் புத்தகம் வெளியே போக வேண்டும். துண்டை என்னையே எழுதச் சொன்னார்கள். எழுதினேன்: 'அட்டையிலும் முகப்புப் பக்கத்திலும் ஆசிரியர் பெயருக்கு முன்னுள்ள "மறைந்த" என்னும் சொல்லை நீக்கிப் படிக்கவும்.'

சாயங்காலம் தூத்துக்குடி போய் அமலியிடம் சொன்னேன். விழாவுக்குப் பிறகு தினமும் போகிறேன். அவள் ரொம்ப நேரம் கண்ணை மூடிக் கிடந்தாள், தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"அந்தத் துண்டு ஒட்டினது ஒண்ணு கொண்டாட்டி" என்றாள். "என்கிட்ட இருக்கது செத்தவ புத்தகம்லா. உயிரோட இருக்கவ புத்தகம் ஒண்ணு எனக்கு வேணும்."

"கொண்டாரேன்."

"சீக்கிரம்."

ஆகஸ்ட் 25, திங்கள்

இரண்டு வரித் துண்டுக்குக் குழுவின் ஒப்புதல் கிடைக்க இவ்வளவு நாள். ஒவ்வொரு மேசையாகக் கோப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நானே நடந்தேன். உட்காரச் சொல்லாதவர்கள் முன்னாலும் நின்றேன். இன்று அச்சகத்துக்குப் போய்விட்டது. புதன்கிழமை பிள்ளையார் சதுர்த்தி, அச்சகம் லீவு. வெள்ளிக்கிழமை தருகிறோம் என்றார்கள். கெஞ்சிப் பார்த்தேன். வெள்ளிதான் என்றார்கள்.

அமலி இன்று கஞ்சி குடிக்கவில்லை. "துண்டு வந்துட்டா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

விடியற்காலையில் அமலி போய்விட்டாள். நான் அங்கேதான் இருந்தேன். கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 30, சனி

அடக்கம். கஸ்பார் சவப்பெட்டிக்குள் புத்தகத்தை வைக்கப் போனான். நான் வேண்டாம் என்று வாங்கிக்கொண்டேன். அந்த அட்டையோடு அவளை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

செப்டம்பர் 3, புதன்

இன்று வேலைக்குப் போனேன். துண்டுகள் கட்டாகக் கட்டி என் மேசையில் இருந்தன. வெள்ளிக்கிழமை மத்தியானமே வந்துவிட்டனவாம்.

லிங்கம் சார் வந்து எதிரில் உட்கார்ந்தார். விழாவுக்குப் பிறகு இன்றுதான் பேசுகிறார். எனக்கு ஆறுதல் சொன்னார், நன்றாகவே சொன்னார். கொஞ்சம் தயங்கிவிட்டு, துண்டுக் கட்டைக் கையால் ஓரமாகத் தள்ளினார்.

"இனி இது தேவைப்படாது மேடம். புத்தகத்துல போட்டிருக்கது இப்ப சரியாயிட்டுல்லா. அப்படியே வெளிய விட்டுரலாம்னு மேலயும் சொல்லிட்டாங்க. உங்க மேல உள்ள விசாரணையும் இத்தோட முடிச்சுருவாங்க. எல்லாருக்கும் நல்லது."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நிம்மதியாகச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. மார்ச்சிலிருந்து எதுவுமே வராமல் கிடந்த உடம்பில் உள்ளங்காலிலிருந்து ஏறிக்கொண்டு வந்தது.

"சரியாகல சார். இது அச்சாகும்போது அவ உயிரோட இருந்தா. நீங்க அவளுக்கு எந்திரிச்சு நின்னப்ப அவ உங்க கண்ணு முன்னால உக்காந்திருந்தா. அவ செத்ததால இது சரின்னு ஆயிருமா?"

"மேடம், விசாரணை..."

"நடக்கட்டும் சார். நான் ஒட்டப்போறேன்."

அவர் எழுந்து போனார். தடுக்கவில்லை. நான் கிட்டங்கிச் சாவியை வாங்கிக்கொண்டு போய் முதல் கட்டைப் பிரித்தேன். பாத்திமுத்து கேண்டீனில் மைதா வாங்கிப் பசை காய்ச்சிக் கொண்டுவந்தாள். தரையில் உட்கார்ந்தோம். முதல் புத்தகத்தைத் திறந்து, முகப்புப் பக்கத்தில் துண்டை வைத்து, விரலால் அழுத்தித் தடவினேன். அப்போதுதான் அழுகை வந்தது. வாய்விட்டு அழுதேன். பாத்திமுத்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அழுது முடித்து மூக்கைத் துடைத்தேன். அவள் கிட்டங்கியில் அடுக்கியிருந்த கட்டுகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"எல்லாத்துலயுமாக்கா?"

"எல்லாத்துலயும்" என்றேன்.